பந்து பிடித்தவர்கள் எதை வைத்துப் பிழைத்தார்கள்?

கேள்வி: தோ பாயோ லோரோங் 8இல் குடியிருக்கிறேன். என் பேத்தி உயர்நிலைப்பள்ளி சாஃப்ட்பால் அணியில் கேட்சர். அமெரிக்காவில் பேஸ்பால் சம்பள ஆட்டமாக மாறிய தொடக்க காலத்தில் ஆடிய மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் என்ற கேட்சரைப் பற்றிப் பள்ளிக்கு ஒரு கட்டுரை எழுதினாள். எழுதி முடித்ததும், "தாத்தா, நம்ம ஆளுங்கள்ல இப்படிப் பந்து பிடிச்சே பேர் வாங்கினவங்க யாரும் இல்லையா?" என்று கேட்டாள். எனக்கு உடனே ஞாபகம் வந்தவர் சிலாங்கூர் காற்பந்து அணியின் கோல்காப்பாளர் ஆறுமுகம். காலாங் அரங்கில் உட்கார்ந்து அவருக்கு எதிராக எவ்வளவோ கத்தியிருக்கிறோம். கோப்பிக்கடையில் கூட உட்காரும் நண்பரோ, இந்தியாவின் பீட்டர் தங்கராஜ்தான் பெரியவர் என்று சாதிக்கிறார். இவர்கள் வாழ்க்கை எப்படிப்பட்டது? விளையாடிச் சம்பாதித்தார்களா? வாக்கரோடு இவர்களை ஒப்பிடலாமா?

பதில்: ஒப்பிடலாம் ஐயா. உங்கள் பேத்தி கேட்டது நல்ல கேள்வி. கேட்சரும் கோல்காப்பாளரும் வெவ்வேறு ஆட்டத்துக்காரர்கள். ஆனால் இருவர் வேலையும் ஒரே வகை. மற்றவர்கள் எல்லாரும் பந்தின் பின்னால் ஓடும்போது, பந்து தன்னை நோக்கி வரக் காத்திருப்பவர்கள் இவர்கள். மைதானம் முழுவதையும் முன்னால் பார்த்து நிற்பவர்கள். சக ஆட்டக்காரருக்கு எங்கே நிற்பது, எப்போது நகர்வது என்று சொல்ல வேண்டியவர்கள். ஒரே ஒரு தவறு செய்தாலும் அது அப்படியே எதிரணியின் கணக்கில் ஏறிவிடும். கிரிக்கெட்டில் விக்கெட் காப்பாளர்தான் கேட்சருக்கு இன்னும் நெருக்கம் என்று சிலர் சொல்லக்கூடும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நம்மவர் பெயர் பெற்றது காற்பந்தில் என்பதால் நான் அங்கேயே நிற்கிறேன்.

உங்கள் நண்பர் சொன்ன பெயரை முதலில் எடுத்துக்கொள்கிறேன். தங்கராஜ், ஆறுமுகம் இருவரில் யார் திறமைசாலி என்று என்னைக் கேட்டால் பதில் சொல்ல மாட்டேன். காலம் வேறு, எதிரிகள் வேறு. வாக்கரின் வாழ்க்கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க யார் பொருத்தம் என்றால், தங்கராஜ் என்பேன். ஓர் ஆட்டம் பொழுதுபோக்கிலிருந்து பிழைப்பாக மாறும் இடைவெளியில் ஆடியவர் அவர்.

பீட்டர் தங்கராஜ் 1930களின் நடுவில் ஹைதராபாத்தில் பிறந்தவர். செகந்திராபாத் படைமுகாமைச் சுற்றியிருந்த மைதானங்களில் மார்னிங் ஸ்டார், ஃபிரெண்ட்ஸ் யூனியன் போன்ற சிறு கிளப்புகளில் தொடங்கினார். பிறகு இராணுவத்தில் சேர்ந்து, நீலகிரியில் வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணிக்கு ஆடினார். அப்போது அவர் கோல் போடும் இடத்தில், அதாவது சென்டர் ஃபார்வர்டாக ஆடினார் என்பதை இன்று பலர் அறியமாட்டார்கள். கம்பத்துக்குக் கீழே வந்தது அதற்குப் பிறகு. ஆறடியைத் தாண்டிய உயரம், நீண்ட கைகள். முன்கள ஆட்டக்காரன் எந்த நொடியில் உதைக்கப் போகிறான் என்பது அவனாக இருந்து பார்த்தவருக்குத் தெரியும். அந்த அனுபவமே அவருடைய பெரிய முதலீடு என்று நான் நினைக்கிறேன்.

மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் 1955இலும் 1958இலும் டூரண்ட் கோப்பையை வென்றது. கல்கத்தாவின் பெரிய கிளப்புகளெல்லாம் குறிவைக்கும் கோப்பையை ஒரு படைப்பயிற்சி மையம் இரண்டு முறை தூக்கிக்கொண்டு போனது சாதாரண காரியம் இல்லை. 1955இலேயே தங்கராஜ் இந்திய அணிக்கு வந்துவிட்டார். 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நான்காம் இடம் பிடித்தபோது அணியில் இருந்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கிலும் இருந்தார். ரோமில் இந்தியா ஹங்கேரியிடம் 2-1 என்று தோற்று, பிரான்சுடன் 1-1 என்று சமன் செய்தது. ஒலிம்பிக்கில் ஐரோப்பிய அணிகளை நெருங்கி நின்று மூச்சுவாங்க வைத்த இந்திய அணி அதற்குப் பிறகு வரவே இல்லை.

இனி 1962. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஜகார்த்தா நம் வாசலுக்குப் பக்கத்து ஊர். உங்கள் வயதுக்காரர்கள் சிலர் வானொலியில் கேட்டிருப்பார்கள். அந்த ஆண்டு ஆசிய விளையாட்டுகளுக்கு இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா உள்ளே விடவில்லை. இந்திய விளையாட்டு நிர்வாகி ஜி.டி. சோந்தி அதைக் கண்டித்துப் பேசினார். அவ்வளவுதான், ஊரே இந்தியர் மீது கோபம் கொண்டது. இறுதி ஆட்டத்துக்குச் செனாயான் அரங்கில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் கூடியிருந்தார்கள். இந்திய அணி பந்தைத் தொட்டாலே கூச்சல். அந்தக் கூட்டத்தில் இந்தியாவுக்காகக் கைதட்டியவர்கள் பாகிஸ்தான் ஹாக்கி அணியினர் என்று அன்று ஆடியவர்கள் பிற்காலத்தில் நன்றியோடு சொல்லியிருக்கிறார்கள்.

எதிரணி தென்கொரியா. தொடரின் முதல் ஆட்டத்திலேயே இந்தியாவை 2-0 என்று தோற்கடித்த அணி. பயிற்சியாளர் எஸ்.ஏ. ரஹீம் முன்னால் இரண்டு இக்கட்டுகள். தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் தையல் போட்டிருந்தது. தங்கராஜோ காய்ச்சலில் படுத்து முந்தைய ஆட்டங்களில் சிலவற்றைத் தவறவிட்டிருந்தார். அவர் இடத்தில் பிரத்யுத் பர்மன் நன்றாகவே ஆடியிருந்தார். ரஹீம் இரண்டிலும் துணிந்தார். தலையில் கட்டோடு ஜர்னைலை முன்களத்துக்கு அனுப்பினார். இறுதி ஆட்டத்துக்குத் தங்கராஜைக் கம்பத்தின் கீழ் நிறுத்தினார். பி.கே. பானர்ஜி 17ஆவது நிமிடத்தில் ஒரு கோல். சற்று நேரத்திலேயே ஜர்னைல் ஒரு கோல். அதன்பின் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக முன்னணியைக் காக்க வேண்டிய வேலை பின்வரிசைக்கும் கோல்காப்பாளருக்கும். கொரியர்களால் ஆட்டம் முடியும் தறுவாயில் ஒரே ஒரு கோல்தான் போட முடிந்தது. 2-1. ஆசிய விளையாட்டுகளின் காற்பந்தில் இந்தியா கடைசியாகப் பெற்ற தங்கம் அது.

காய்ச்சலிலிருந்து எழுந்து வந்தவர், உயரப் பந்துகளை அந்தக் கூச்சலுக்கு நடுவில் எகிறிப் பிடித்ததன் பொருள் உங்கள் பேத்திக்கு உங்களையும் என்னையும்விட நன்றாகப் புரியும். கூட்டம் கத்தும்போது தடுப்பாட்டக்காரர்களுக்குக் குரல் கேட்காது. சாஃப்ட்பாலில் கேட்சர் விரல்களால் சைகை காட்டுகிறார்; காற்பந்தில் அதுவும் கிடையாது. "என் பந்து" என்று உரக்கச் சொல்வதும் யார் காதிலும் விழாத இடத்தில், கோல்காப்பாளர் எகிறுவதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் ஒதுங்க வேண்டும். தயங்கினால் மோதல், மோதினால் கோல். அன்றைய பந்தோ தோலால் செய்தது. ஈரம் பட்டால் கல்லாகக் கனக்கும். இன்றுள்ள பஞ்சு வைத்த கையுறைகள் அன்று இல்லை. வெறுங்கையோடு நின்றவர்கள் பலர்; மழையில் வழுக்காமலிருக்க நூல் கையுறை போட்டவர்கள் சிலர்.

அதற்குப் பிறகு 1964 ஆசியக் கோப்பையில் இந்தியா இரண்டாமிடம். 1966 பாங்காக் ஆசிய விளையாட்டுகளில் தங்கராஜ் ஆடினார். ஆசிய நட்சத்திர அணிக்கு இரண்டு முறை தேர்ந்தெடுக்கப்பட்டார். 1967இல் அர்ஜுனா விருது. கல்கத்தாவில் முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்று ஒருவரை ஒருவர் ஜென்மப் பகையாக நினைக்கும் மூன்று கிளப்புகளுக்கும் ஆடி, மூன்று கூட்டத்தின் அன்பையும் பெற்றார். அந்த ஊர் காற்பந்து வெறியை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு அரியது என்று தெரியும்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி: சம்பாதித்தாரா? விளையாட்டுக்கென்று சம்பளம் வாங்கும் தொழில்முறை ஆட்டக்காரர் என்ற நிலையே அன்றைய இந்தியாவில் அதிகாரபூர்வமாகக் கிடையாது. ஒலிம்பிக் விதி அப்படி: ஆட்டத்துக்குக் கூலி வாங்கியவர் ஒலிம்பிக்கில் ஆட முடியாது. ஆகவே ஆட்டக்காரருக்கு வேலை கொடுப்பார்கள். தங்கராஜுக்கு இராணுவம். பி.கே. பானர்ஜிக்கு ரயில்வே. 1962 அணியின் தலைவர் சுனி கோஸ்வாமிக்கு ஸ்டேட் பாங்க். மாதச் சம்பளம் அலுவலகத்திலிருந்து வரும். அவர்கள் பெயரோ மைதானத்தால் வளரும். தங்கராஜ் 1971 வாக்கில் ஓய்வு பெற்றதும் பயிற்சியாளரானார். கடைசிக் காலம் இன்றைய ஜார்க்கண்டிலுள்ள பொகாரோ எஃகு நகரில் கழிந்தது. 2008 நவம்பரில் அங்கேயே காலமானார். இந்தியாவில் தேசியக் காற்பந்து லீக் தொடங்கியது 1996இல். அவர் ஆடி முடித்துக் கால் நூற்றாண்டுக்குப் பிறகு. 2024இல் ரஹீமைப் பற்றி 'மைதான்' என்ற இந்திப் படம் வந்தபோதுதான் இளைஞர்கள் பலர் தங்கராஜின் பெயரையே முதன்முதலாகக் கேட்டார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. நம் ஊர்களில் அவர் பெயரில் ஒரு கோல்காப்பாளர் பரிசாவது இருந்திருக்க வேண்டும்.

அமெரிக்காவில் ஆட்டம் சம்பளத் தொழிலாகும் மாற்றம் 1869இலேயே நடந்துவிட்டது. சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸ் என்ற அணி தன் ஆட்டக்காரர்கள் அனைவருக்கும் வெளிப்படையாகச் சம்பளம் கொடுத்தது. அந்த அணியின் ஷார்ட்ஸ்டாப் ஜார்ஜ் ரைட்டுக்கு அந்தப் பருவத்துக்கு 1,400 டாலர். கேட்சர் டக் அலிசனுக்கு 800 டாலர். அதிகமாக அடி வாங்கியவர் கேட்சர்தான். 1870இல் கை வீங்கிப்போய், மான்தோலில் செய்த கையுறையை மாட்டிக்கொண்டு வந்தார் அலிசன். முகக் கவசம் வந்ததே 1877 வாக்கில், ஹார்வர்டு மாணவர் ஒருவர் யோசனையால். அந்தத் தலைமுறைக் கேட்சர்களின் விரல்கள் முறிந்து கோணிப் போயிருந்தன. தங்கராஜின் காலத்துக் கோல்காப்பாளர்கள் கைகளை அருகில் பார்த்தவர்கள் இதைச் சட்டென்று புரிந்துகொள்வார்கள்.

உங்கள் பேத்தி எழுதிய வாக்கர் அலிசனுக்கு அடுத்த தலைமுறை. 1856இல் ஒஹையோ மாநிலத்தில் பிறந்தவர், தந்தை மருத்துவர், ஓபர்லின் கல்லூரியிலும் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலும் படித்தவர். 1884 மே மாதம் டொலிடோ அணிக்காக மேஜர் லீக்கில் இறங்கினார். அவருடைய பிட்சர் டோனி மல்லேன், வாக்கர் கருப்பர் என்பதற்காக அவர் காட்டிய சைகைகளைப் பார்க்காமல் தன் விருப்பத்துக்குப் பந்து வீசினார். என்ன வரும் என்று தெரியாத பந்தை, கிட்டத்தட்ட வெறுங்கையால் அந்தப் பருவத்தில் பிடித்தார் வாக்கர். தான் பார்த்த கேட்சர்களில் இவரே சிறந்தவர் என்று மல்லேனே பல ஆண்டு கழித்து ஒப்புக்கொண்டார். 42 ஆட்டங்களோடு அந்த மேஜர் லீக் வாழ்க்கை முடிந்தது. 1889க்குப் பிறகு பெரிய கிளப்புகள் கருப்பர்களை மறைமுக உடன்பாட்டால் முற்றாக அடைத்துவிட்டன. கருப்பின ஆட்டக்காரர் ஜாக்கி ராபின்சன் 1947இல் அந்தக் கதவைத் திறந்தார்.

தங்கராஜை அப்படி யாரும் ஒதுக்கவில்லை. அந்த ஒற்றுமையை நான் வலிந்து காட்ட மாட்டேன், உங்கள் பேத்தியும் காட்ட வேண்டாம். அவருக்கும் வாக்கருக்கும் பொதுவானது பிழைப்பு. இருவரும் கையை நம்பி ஆடினார்கள். கை ஓய்ந்ததும் ஆடிப் பிழைப்பது முடிந்துபோனது; வேறு வழி தேட வேண்டியிருந்தது. வாக்கர் பிறகு திரையரங்கம் நடத்தினார், சில கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை பெற்றார், 1924இல் இறந்தபோது கல்லறையில் பெயர்க்கல்கூட இல்லை. 1990 வாக்கில்தான் ஓபர்லின் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் ஒரு கல் நட்டார்கள்.

இனி நீங்கள் காலாங்கில் கத்திய ஆறுமுகம். 1953இல் பிறந்தவர். சிலாங்கூரின் கோல்காப்பாளர், 1973 முதல் 1986 வரை மலேசியாவுக்கும் அவர்தான். கைகள் அவ்வளவு நீளம் என்பதால் 'ஸ்பைடர்மேன்' என்ற பட்டப்பெயர். ஒலிம்பிக் தகுதி ஆட்டங்கள் உள்ளிட்ட எல்லாவற்றையும் சேர்த்து நாட்டுக்காக 196 ஆட்டங்கள். உலகக் கோல்காப்பாளர்களிலேயே அந்த எண்ணிக்கையை எட்டியவர்கள் மிகச் சிலர். 1974இல் தெஹ்ரான் ஆசிய விளையாட்டுகளில் மலேசியா வட கொரியாவை 2-1 என்று வென்று வெண்கலம் வாங்கியது. அந்த அணியில் அவர் இருந்தார். 1977, 1979 தென்கிழக்காசிய விளையாட்டுகளில் மலேசியாவுக்குக் காற்பந்துத் தங்கம்.

சிங்கப்பூர்க்காரருக்கு அவர் பெயர் மலேசியக் கோப்பையோடு கட்டிக் கிடக்கிறது. 1975இலிருந்து 1981 வரை ஏழு இறுதி ஆட்டங்கள். அவற்றில் ஆறில் சிங்கப்பூரும் சிலாங்கூரும் மோதின. எல்லாம் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில். 1975இல் 1-0, 1976இல் 3-0, 1978இல் 4-2, 1979இல் 2-0, 1981இல் 4-0 என்று சிலாங்கூருக்கே வெற்றி. 1980இல் மட்டும் ஃபாண்டி அகமது போட்ட கோலால் நாம் 2-1 என்று வென்றோம். 1977இல் பினாங்கைத் தோற்கடித்துக் கோப்பை கொண்டுவந்த சிங்கப்பூர் அணியில் எஸ். ராஜகோபால், சூரியமூர்த்தி, அணித்தலைவராகச் சமத் அல்லாபிச்சை என்று நம்மவர் இருந்தார்கள். சிங்கப்பூர்-சிலாங்கூர் ஆட்டங்களில் இரண்டு பக்கமும் தமிழ்ப் பெயர்கள் இருந்தன. தேக்காவில் ஒரே கடையில் சாப்பிட்டவர்கள்கூட அன்று சிங்கப்பூர்ப் பக்கம்தான் நின்றார்கள். நீங்கள் கத்தியது சரிதான். கத்தும் அளவுக்கு அவர் பயமுறுத்தினார்.

ஆறுமுகத்தின் வாழ்க்கையில் மிகப் பெரிய ஏமாற்றம் 1980. ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என்று வென்று மலேசியா மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது. சோ சின் ஆன், சந்தோக் சிங், ஜேம்ஸ் வோங், ஹசான் சானி, ஆறுமுகம்: சீனர், சீக்கியர், மலாய்க்காரர், சபா மாநிலத்தவர், தமிழர் எல்லாரும் சேர்ந்த அணி அது. சோவியத் யூனியன் ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்ததால் பல நாடுகள் மாஸ்கோவைப் புறக்கணித்தன, மலேசியாவும் புறக்கணித்தது. வென்ற இடத்துக்குப் போகவே முடியவில்லை. அந்த அணியை ஒட்டிக் கற்பனையாக எடுத்ததுதான் 2016இல் வந்த 'ஓலா போலா' படம். அதில் முத்து என்ற கோல்காப்பாளர் பாத்திரத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஆறுமுகத்தை நினைத்தார்கள். பேத்தியோடு உட்கார்ந்து பாருங்கள்.

ஆறுமுகத்தின் காலத்திலும் மலேசியாவில் சம்பள ஆட்டம் வரவில்லை. வேண்டியவர் வெளியே போனார்: அவருக்கு முந்தைய மலேசியக் கோல்காப்பாளர் சௌ சீ கியோங், ஆசியாவிலேயே முதலில் தொழில்முறை லீக் தொடங்கிய ஹாங்காங்குக்குப் போய் ஆடினார். சிங்கப்பூரிலிருந்து ஃபாண்டி 1982இல் இந்தோனேசியாவுக்கும் மறு ஆண்டு ஹாலந்துக்கும் போனார், வி. சுந்தரமூர்த்தி எண்பதுகளின் கடைசியில் சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப்புக்குப் போனார். ஆறுமுகம் ஊரிலேயே இருந்தார். மலேசியாவின் அரைத் தொழில்முறை லீக் 1989இல் தொடங்கியது. 1988 டிசம்பரில் ஒரு கார் விபத்தில் ஆறுமுகம் இறந்துபோனார், 35 வயதில். சில மாதங்கள் கழித்து வந்த அந்தக் காலத்தில் அவருக்குப் பயிற்சியாளராகவாவது ஓரிடம் இருந்திருக்கும். இதை எழுதும்போதும் மனம் கனக்கிறது.

ஆகவே பேத்தியின் அடுத்த கட்டுரைக்கு என் யோசனை: மூன்று பேரையும் திறமையில் வரிசைப்படுத்தச் சொல்லாதீர்கள். "இவருக்கு மாதாமாதம் பணம் யார் கொடுத்தார்கள்?" என்ற ஒரே கேள்வியை மூன்று பேரிடமும் கேட்கச் சொல்லுங்கள். வாக்கருக்குக் கிளப்பு, தங்கராஜுக்குப் படை, ஆறுமுகத்துக்கு ஆட்டத்துக்கு வெளியே இருந்த பிழைப்பு. ஆட்டக்காரரின் உரிமை, காயம்பட்டால் சிகிச்சை, ஓய்வுக்குப் பின் நிலை என்று மற்றதெல்லாம் அதிலிருந்து தானாக வரும்.

தகவலுக்கு வெகுதூரம் போக வேண்டாம். தேசிய நூலக வாரியத்தின் செய்தித்தாள் இணையக் காப்பகத்தில் பழைய தமிழ் முரசு, ஆங்கில இதழ்கள் எல்லாம் இருக்கின்றன. உங்கள் தோ பாயோ நூலகத்தில் உட்கார்ந்தே தேடலாம். அந்தக் கட்டடமே 1973 செப்டம்பரில் சிங்கப்பூரில் நடந்த தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுகளுக்குச் செயலகமாக இருந்தது, பக்கத்து அடுக்குமாடிகளில்தான் வெளிநாட்டு விளையாட்டாளர்களைத் தங்கவைத்தார்கள் என்பதையும் அவளிடம் சொல்லுங்கள். தங்கராஜுக்கு 1962 செப்டம்பர் முதல் வார இதழ்களிலிருந்து தொடங்கட்டும். ஆறுமுகத்துக்கு 1980 ஏப்ரல் முதல் பத்து நாள். பிறகு 1988 டிசம்பர் மூன்றாம் வாரம். அன்றைய அரங்கைப் பார்த்தவர் என்ற முறையில் நீங்கள் சொல்வதையும் அவள் எழுதிக்கொள்ளட்டும். காலாங்கில் ஆறுமுகம் பந்தைப் பிடித்ததும் கூட்டம் எப்படி அடங்கியது என்பது எந்தச் செய்தித்தாளிலும் கிடைக்காது.